தொண்ணூறு மாதச் சம்பளம்

1905ஆம் ஆண்டு. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் ஓர் இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது 22. கோயம்புத்தூர்க்காரர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். மாதச் சம்பளம் 25 ரூபாய் என்று சொல்வார்கள். ரயில்வே உத்தியோகம் அந்த நாளில் சாதாரணமான காரியமல்ல. முதல் தேதி சம்பளம் வரும். வெள்ளைக்காரன் கம்பெனி, எளிதில் மூடிவிட மாட்டான். பெண் பார்க்கப் போனால் தரகர் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

அந்த ஆண்டு டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டியபடி திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. தொழிலை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப எண்ணிய அவர், தன் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். வின்சென்ட் அவற்றை வாங்கினார். விலை 2,250 ரூபாய். ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் அது அவருடைய தொண்ணூறு மாதச் சம்பளம். ஏழரை ஆண்டு உழைப்பு. வாங்கியதோடு நில்லாமல் வேலையையும் விட்டார்.

வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நம்மில் எவரும் ஊகித்துவிடலாம். அந்த வாக்கியங்களை நாமும் கேட்டிருக்கிறோம். பிறகு, வயது வந்தபின், நாமே சொல்லியும் இருக்கிறோம்.

டொரொன்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் இந்த வழக்கு அடிக்கடி நடக்கிறது. பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை, தான் அனிமேஷன் படிக்கப் போவதாகச் சொல்கிறது. கணக்காளர் வேலையில் இருக்கும் மகள், அதை விட்டுவிட்டு முழுநேர நாடகத்துக்குப் போகிறேன் என்கிறாள். உடனே இரு தரப்பும் சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. பிள்ளை, வென்றவர் ஒருவரின் பெயரைச் சொல்லும். அப்பா, தோற்றுப்போன யாரோ ஒரு சித்தப்பாவின் பெயரைச் சொல்லுவார். இரண்டு சாட்சியமும் உண்மைதான். ஆனால் பாதிப் பாதி. ஆகவே தமிழ் சினிமாவின் தொடக்க காலத்து மனிதர்கள் மூவரை இங்கே ஒன்றாக நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். சினிமா என்ற தொழிலே ஊரில் இல்லாத காலத்தில் அதை நம்பி இறங்கியவர்கள். மூவரும் ஒரே முடிவை அடையவில்லை.

முதலில் வின்சென்ட். கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப்படம் அவர் வாங்கிய சுருள்களில் முக்கியமானது. அதைத் திருச்சியில் காட்டத் தொடங்கினார். பிறகு கூடாரத்தையும் கருவியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மின்சாரம் எட்டாத ஊர்கள். புரொஜெக்டரைக் கையால் சுழற்ற வேண்டும். சனங்கள் மணலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ரயில் போன பாதையெல்லாம் அவருடைய கூடாரமும் போனது. வடக்கே பெஷாவர் வரைக்கும், கிழக்கே ரங்கூன் வரைக்கும் அவர் படம் காட்டினார் என்பார்கள். ரயில்வேயில் இருந்த நாட்கள் வீண் போகவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. எந்த வண்டி எந்த ஊரில் நிற்கும், சாமான் ஏற்ற என்ன செலவாகும் என்பதெல்லாம் கூடாரக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய படிப்பு.

1914இல் அவர் கோயம்புத்தூரில் நிரந்தரக் கொட்டகை கட்டினார். பெயர் வெரைட்டி ஹால். அதற்கு மின்சாரம் வேண்டும். எண்ணெய் எஞ்சின் வைத்துத் தானே தயாரித்துக்கொண்டார். எஞ்சின் சும்மா நிற்கலாமா? அச்சகம் வந்தது, அரிசி ஆலை வந்தது. பிரான்சின் பாத்தே நிறுவனத்திடமிருந்து கருவிகளையும் படங்களையும் வரவழைத்து மற்றவர்களுக்கு விற்கும் முகவராகவும் ஆனார். படம் ஓடாத வாரத்திலும் எஞ்சின் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. பேசும் படம் வந்ததும் 1933இல் கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். நன்றாக ஓடியது. 1942இல் அவர் இறந்தபோது கோயம்புத்தூர் தமிழ்ப் படத்தொழிலின் முக்கியமான ஊர்களில் ஒன்றாகிவிட்டிருந்தது.

இது பிள்ளைகள் சொல்ல விரும்பும் கதை. இனி அப்பாமார் சொல்ல விரும்பும் கதை.

ஆர். நடராஜ முதலியார் 1885இல் பிறந்தவர், வேலூர்க்காரர். சென்னையில் மோட்டார் கார் உதிரிப்பாகங்கள் விற்கும் வியாபாரம் செய்தார். கார்களே அபூர்வமாக இருந்த காலத்தில் அதுவும் துணிச்சலான தொழில்தான். ஆனாலும் நன்றாக நடந்தது. பம்பாய்ப் பக்கத்தில் தாதாசாகேப் பால்கே எடுத்த படங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. நாமும் எடுத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடவில்லை. புனேயில் இருந்த ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கற்றார். கூட்டாளிகளைச் சேர்த்து முதல் திரட்டினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ அமைத்தார். விளக்குகள் கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே வடிந்து வரும் வெயிலில் படம் பிடித்தார்கள். சென்னை வெக்கையில் பிலிம் கழுவுவது கடினம் என்பதால் அதற்கென்று பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம்.

இப்படி உருவானதுதான் ‘கீசக வதம்’. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். 1917ஐ ஒட்டி எடுக்கப்பட்ட அதற்கு 35,000 ரூபாய் செலவானதாகவும் 50,000 ரூபாய் வசூலானதாகவும் சொல்வார்கள். இந்த வசூல் சென்னையில் மட்டும் வந்ததல்ல. பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் என்று தமிழர் பிழைக்கப் போயிருந்த இடங்களிலும் படம் காட்டப்பட்டது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் கொடுத்த சில்லறையும் அந்த ஐம்பதாயிரத்தில் சேர்ந்திருக்கும். நம் இன்றைய பேச்சில் புலம்பெயர்ந்தோர் சந்தை என்று ஒன்று புதிதாக முளைத்ததைப்போலச் சொல்கிறோம். தமிழகத்தின் முதல் படத்துக்கே அது இருந்தது.

தொடர்ந்து சில ஆண்டுகள் அவர் புராணக் கதைகளைப் படமாக்கினார். 1923இல் ஸ்டூடியோ தீப்பிடித்தது. அதே ஆண்டு மகனும் இறந்துபோனான். முதலியார் படம் எடுப்பதை விட்டுவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1971இல்தான் இறந்தார். அதாவது, தான் தொடங்கிவைத்த தொழில் பேசத் தொடங்கி, பாடத் தொடங்கி, வண்ணம் பெற்று, அதிலிருந்து முதலமைச்சர்கள் வந்ததையும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

வின்சென்ட் கெட்டிக்காரர், முதலியார் ஏமாளி என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. எழுத முடியாது. கற்றுக்கொண்டு இறங்கியவர் முதலியார்தான். வின்சென்டின் கூடாரத்தில் ஓடியதும் அதே நைட்ரேட் பிலிம்தான். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அங்கே பற்றவில்லை, இங்கே பற்றியது. அதிர்ஷ்டத்துக்கு உரிய பங்கை அதற்குக் கொடுத்துவிடுவோம். ஆனால் மிச்சமாக ஒரு வித்தியாசம் இருக்கிறது. வின்சென்டின் கனவுக்கு அடியில் எஞ்சின், அச்சகம், ஆலை, முகமை என்று பல கால்கள் இருந்தன. முதலியாரின் கனவு ஒரு கூரைக்குக் கீழே இருந்தது. அந்தக் கூரை எரிந்த ஆண்டிலேயே அவர் மனமும் எரிந்தது. காசை மீண்டும் புரட்டலாம், மகனை?

மூன்றாமவர் ஒரு பெண். அவரிடம் விடுவதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

டி. பி. ராஜலட்சுமி 1911இல் திருவையாற்றில் பிறந்தார். பிராமணக் குடும்பம். குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. தந்தையும் இறந்துபோக, தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள். சிறுமிக்கு நல்ல குரல். பதினொரு வயதளவில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம். மேடை ஏறும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாதா? தெரியும். பேசுகிற ஊர் சோறு போடாது என்பதும் தெரியும்.

1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் பேசிய முதல் படம். ராஜலட்சுமி அதன் நாயகி. படம் எடுக்கப்பட்டது பம்பாயில். சென்னையில் அப்போது ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோ கிடையாது; 1934இல்தான் வந்தது. அதுவரை பேசும் படத்தில் பேச வேண்டுமானால் தமிழர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். அந்தப் படத்தில் நாயகி தமிழில் பேசுவாள், நாயகன் தெலுங்கில் பதில் சொல்லுவான். சினிமா வரலாற்று நூல்களில் இது வேடிக்கைச் செய்தியாகச் சொல்லப்படும். அம்மா தமிழில் கேட்க மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நம் வீடுகளில் இதைப் படிக்கிறபோது அவ்வளவு வேடிக்கையாகத் தெரிவதில்லை.

வின்சென்டின் ‘வள்ளி திருமணம்’ படத்திலும் ராஜலட்சுமிதான் நாயகி. ரயில்வே வேலையை விட்ட இளைஞரும் திருவையாற்றுச் சிறுமியும் சந்தித்த இடம் அது. அங்கிருந்து அவர் இன்னும் ஓர் அடி வைத்தார். 1936இல், 25 வயது நிறையும் ஆண்டில், தான் எழுதிய நாவலைத் தானே படமாக இயக்கித் தயாரித்தார். ‘மிஸ் கமலா’. தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். சினிமா ராணி என்று அவரை அழைத்தார்கள். சம்பாதித்ததைப் படத்திலேயே போட்டார். பின்னாளில் செல்வம் கரைந்தது. 1964இல் காலமானார். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டுமே இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

ராஜலட்சுமியை நடுவில் நிறுத்தினால் நம் சாப்பாட்டு மேசை வழக்கே மாறிவிடுகிறது. கனவா, பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வின்சென்டுக்கு விடுவதற்கு ஒரு வேலை இருந்தது. முதலியாருக்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருந்தது. அந்தச் சிறுமிக்குத் திறந்திருந்த ஒரே கதவு ஊர் பழித்த கதவு. அவர் அதில் நுழைந்ததைக் கனவைத் துரத்தியது என்று சொல்வதா, பசியைத் துரத்தியது என்று சொல்வதா? இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கும். பிழைக்கப் போன இடத்தில் ஒரு கலை பிடிபட்டு, அது பிழைப்பைவிடப் பெரியதாகிவிட்டது.

இங்கேதான் நம் தலைமுறையின் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் துணிந்து ஒரு காரியம் செய்யப் புறப்பட்டால் நாம் பதறுகிறோம். அந்தப் பதற்றத்தில் பொய் இல்லை. இரவு வேலையும் கோப்பை கழுவிய கையும் அதற்குச் சாட்சி. ஆனால் நம்மில் பலர் இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தது எப்படி? காணியை ஈடு வைத்து, தாயின் சங்கிலியை விற்று, முகம் தெரியாத ஏஜென்சிக்காரன் கையில் கொடுத்து, எந்த நாட்டில் இறங்குவோம் என்றுகூடத் தெரியாமல் விமானம் ஏறியவர்கள் நாம். அந்தத் தொகையை அன்றைய ஊர்ச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். தொண்ணூறு மாதத்துக்குக் குறையாது. ராஜலட்சுமியைப்போல, திறந்திருந்த கதவு வழியே போனோம். அதை நாம் துணிச்சல் என்று சொல்லிக்கொள்வதில்லை, வேறு வழியில்லை என்கிறோம். பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாடுபட்டோம். அந்த வேறு வழியில் ஒன்றை அவர்கள் கேட்கும்போது, பாடுபட்ட காரணத்தையே மறந்துவிடுகிறோம்.

இதனால் கேட்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முதலியாரின் தீயை மறைத்துவிட்டு வின்சென்டின் கொட்டகையை மட்டும் காட்டினால் அது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறாய்? படம் ஓடாத வாரத்தில் எஞ்சின் என்ன செய்யும்? கூரை எரிந்தால் எங்கே வந்து படுப்பாய்? முதல் இரண்டுக்கும் பிள்ளை பதில் சொல்லட்டும். மூன்றாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் சாலை என்று ஒன்று உண்டு. வின்சென்டின் கொட்டகையால் வந்த பெயர். முதலியாரின் பெயரையும் ராஜலட்சுமியின் பெயரையும் நம் பிள்ளைகள் அறிய அப்படியொரு தெருப்பலகை இந்த நாடுகளில் இல்லை. மேசையில் அடுத்த முறை அந்த வழக்கு எழும்போது, வென்றவர் பெயரோடும் சித்தப்பா பெயரோடும் இந்த இருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.