கிளே ரெகாசோனி: லாங் பீச்சுக்கு முன்னும் பின்னும்

கிளே ரெகாசோனி (5 செப்டம்பர் 1939 – 15 டிசம்பர் 2006) சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார் பந்தய வீரர். ஃபார்முலா 1 பந்தயங்களில் 132 முறை களமிறங்கி ஐந்தில் வென்றவர். 1980-இல் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நடந்த விபத்தில் அவரது தண்டுவடம் சேதமடைந்து, இடுப்புக்குக் கீழ் உடல் செயலிழந்தது. அதன் பிறகு வாழ்ந்த 26 ஆண்டுகளும் அவர் கார் ஓட்டுவதை விடவில்லை. கால்கள் இயங்காத ஒருவரைப் பந்தயத்தில் அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு, தாமே ஓட்டிக் காட்டிப் பதில் சொன்ன முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

பந்தயம் தடைசெய்யப்பட்ட நாட்டிலிருந்து

ரெகாசோனி பிறந்தது இத்தாலிய மொழி பேசப்படும் டிச்சினோ மாநிலத்தில். 1955-இல் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் பகுதியில் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதையடுத்து சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களைத் தடைசெய்தது. ஆகவே சுவிஸ் இளைஞர் ஒருவர் பந்தய வீரராக வேண்டுமென்றால் எல்லை தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. டிச்சினோக்காரருக்கு இத்தாலி பக்கத்திலேயே இருந்தது.

1968-இல் மொனாக்கோவில் ஃபார்முலா 3 பந்தயத்தின்போது அவரது கார் பாதுகாப்புக் கம்பிக்கு அடியில் நுழைந்தது. தலை தப்பியது மயிரிழையில். 1970-இல் ஐரோப்பிய ஃபார்முலா 2 பட்டத்தை வென்ற அதே ஆண்டில் ஃபெராரி அணி அவரை ஃபார்முலா 1-க்கு அழைத்துக்கொண்டது. அவ்வாண்டு மோன்சாவில் நடந்த இத்தாலியப் பந்தயத்தின் முந்தைய நாள், பயிற்சி ஓட்டத்தில் யோகன் ரின்ட் உயிரிழந்தார். அன்று ரெகாசோனிக்கு 31-ஆவது பிறந்தநாள். மறுநாள் பந்தயத்தை வென்றவர் அவரே.

இந்தக் காலப் பந்தயங்களைப் பற்றிப் படிக்கும்போது வெற்றிப் பட்டியலுக்கு இணையாக ஒரு மரணப் பட்டியலும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம். 1973-இல் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் மைக் ஹெய்ல்வுட்டின் காரோடு ரெகாசோனியின் பி.ஆர்.எம். கார் மோதித் தீப்பிடித்தது. ஹெய்ல்வுட் தமது ஆடையில் பற்றிய தீ அணைக்கப்பட்டதும் மீண்டும் நெருப்புக்குள் சென்று ரெகாசோனியை வெளியே இழுத்தார். அதற்காக அவருக்குப் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது.

1974-இல் ஃபெராரிக்குத் திரும்பிய ரெகாசோனி, பி.ஆர்.எம். அணியில் தம்மோடு ஓட்டிய நிக்கி லாடாவைப் பற்றி நல்ல சொல் சொல்லி அவரையும் அங்கே வரச் செய்தார். அவ்வாண்டின் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது ரெகாசோனியும் எமர்சன் ஃபிட்டிபால்டியும் தலா 52 புள்ளிகளில் நின்றனர். அன்று கார் சரிவரக் கட்டுப்படாமல் ரெகாசோனி 11-ஆவதாக முடித்தார். நான்காவதாக வந்த ஃபிட்டிபால்டி மூன்று புள்ளிகளில் உலகப் பட்டத்தைக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு பட்டம் லாடாவுக்கு. தாம் பரிந்துரைத்த இளையவரே தம்மை முந்தியதை ரெகாசோனி பார்க்க நேர்ந்தது.

ஒரே நகரம், இரண்டு பந்தயங்கள்

1976 மார்ச் 28 அன்று லாங் பீச் தெருக்களில் முதன்முறையாக ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. ரெகாசோனி முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, எல்லாச் சுற்றுகளிலும் முன்னணியில் இருந்து, அதிவேகச் சுற்றையும் பதிவுசெய்து வென்றார். அவரது ஐந்து வெற்றிகளில் குறையே சொல்ல முடியாதது இதுதான். ஆனாலும் அவ்வாண்டு முடிவில் ஃபெராரி அவரை விடுவித்தது.

என்சைன், ஷேடோ என்ற சிறிய அணிகளில் ஓட்டிவிட்டு 1979-இல் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு சில்வர்ஸ்டோனில், அணித்தோழர் ஆலன் ஜோன்சின் கார் பழுதாகி நின்றபின் முன்னிலை பெற்று, வில்லியம்ஸ் அணிக்கு அதன் முதல் ஃபார்முலா 1 வெற்றியைத் தேடித்தந்தார். அணியின் ஆதரவாளர்கள் சவூதி அரேபியர்கள் என்பதால் மேடையில் ஷாம்பெயின் இல்லை. முதல் வெற்றியைத் தந்தவருக்கும் அடுத்த ஆண்டு அங்கே இடம் இருக்கவில்லை. 40 வயதில் மீண்டும் என்சைன் அணிக்கே போனார்.

1980 மார்ச் 30, மறுபடியும் லாங் பீச். நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஷோர்லைன் டிரைவ் என்ற நீண்ட நேர்பாதையின் முடிவில் அவரது பிரேக் பெடல் உடைந்தது. வளைவில் திரும்ப முடியாத வேகம். கார் நேரே ஒதுங்குபாதைக்குள் பாய்ந்து, பழுதாகி அங்கே நிறுத்தப்பட்டிருந்த ரிக்கார்டோ சுனினோவின் காரில் மோதி, பிறகு கான்கிரீட் சுவரில் மோதியது.

கைகளால் ஓட்டியவர்

பல அறுவைச் சிகிச்சைகள் நடந்தும் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. கைகளும் கண்களும் பந்தய வீரருக்குரிய கணிப்பும் அப்படியே இருந்தன. இழந்தது பெடல்களை மிதிக்கும் திறனை மட்டுமே. ஆனால் அந்த வேலையைக் கைகளுக்கு மாற்றுவது எளிதல்ல. ஸ்டீயரிங்கைத் திருப்பும் அதே நேரத்தில் கைகளே வேகத்தைக் கூட்ட வேண்டும், நெம்புகோலைத் தள்ளிப் பிரேக் பிடிக்க வேண்டும், கியரும் மாற்ற வேண்டும். ஒரு வளைவுக்குள் நுழையும் ஓரிரு நொடிகளில் இவை அனைத்தும் நடக்கும்.

இப்படி மாற்றியமைத்த வண்டிகளில் ரெகாசோனி பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்திலும் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்திலும் கலந்துகொண்டார். டக்காரில் மணலில் சிக்கினால் நல்ல கால் உள்ளவர்களே இறங்கி மண்வெட்டி எடுக்க வேண்டும் என்பதை நினைத்தால், அவர் தேர்ந்தெடுத்த பந்தயத்தின் கடினம் புரியும். ரோமுக்கு அருகிலுள்ள வல்லெலுங்கா தடத்தில் உடற்குறை உள்ளோருக்கான ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியையும் நடத்தினார். அவர்கள் சாலையிலும் பந்தயத்திலும் உரிமம் பெறுவதற்காகப் பேசியும் வாதாடியும் வந்தார். இத்தாலியத் தொலைக்காட்சியில் பந்தய வர்ணனையாளராகவும் இருந்தார்.

அவருக்கு இடம் தந்து பின் விடுவித்த பிராங்க் வில்லியம்ஸ் 1986-இல் பிரான்சில் சாலை விபத்தில் சிக்கித் தண்டுவடக் காயமடைந்தார். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பல்லாண்டுகள் தம் அணியை நடத்தினார். 2001-இல் இரு கால்களையும் இழந்த இத்தாலிய வீரர் அலெஸ்ஸாண்ட்ரோ சனார்டி, 2005-இல் செருமனியின் ஓஷர்ஸ்லேபனில் உலகத் தொடர்ப் பந்தயம் ஒன்றை வென்றார். சனார்டி செயற்கைக் காலால் பிரேக் மிதித்தார். இடுப்புக்குக் கீழ் அசைவே இல்லாத ரெகாசோனிக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

2006 டிசம்பர் 15 அன்று இத்தாலியில் பார்மா அருகே நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிச் சென்ற கார் ஒரு லாரியின் பின்புறம் மோதியதில் ரெகாசோனி இறந்தார். வயது 67. லூகானோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு, 1974-இல் மூன்று புள்ளிகளில் அவரை வென்ற ஃபிட்டிபால்டியும் வந்திருந்தார்.