பல் தேய்த்த சில மணி நேரத்தில் மறுபடியும் வழவழப்பு ஏன்? வாய்க்குள் பாக்டீரியா கைகோர்க்கும் கதை

காலையில் நன்றாகத் தேய்த்துவிட்டு லேபர் கேம்ப்பிலிருந்து மாஹிம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறீர்கள். மதியம் நாக்கால் தடவினால் பல்லில் லேசான வழவழப்பு. அது வெறும் சாப்பாட்டு மிச்சம் இல்லை, ‘பிளாக்’ எனப்படும் பாக்டீரியா படலம்.

எப்படி உருவாகிறது?

தேய்த்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதில் முதலில் ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் வகைகள். அடுத்து வருபவை பெரும்பாலும் முதலில் வந்தவற்றின் மேல் ஒட்டுகின்றன. லேபர் கேம்ப்பில் கீழ் வீட்டின் மேல் மாடி எழும்புவது போலத்தான்.

எதைப் பிடித்து ஒட்டுகின்றன?

ஒரு பாக்டீரியாவின் மேலுள்ள புரதம், இன்னொன்றின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியில் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது. சோதனைக் குழாயில் இப்படி ஒட்டிய பல ஜோடிகள், லாக்டோஸ் சர்க்கரையைச் சேர்த்ததும் பிரிந்துவிடுகின்றன. பிளாக் பாக்டீரியாக்கள் இனம் விட்டு இனம் ஒட்டுவதை 1970-ல் கிப்பன்ஸ், நைகார்ட் இருவரும் விவரித்தார்கள்.

இதில் வில்லன் யார்?

ஒருவர் மட்டும் இல்லை. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் ஒரு புரோக்கர் மாதிரி. முதலில் வந்தவற்றோடும் ஒட்டும், கடைசியில் வருபவற்றோடும் ஒட்டும். ஆக்ஸிஜன் ஆகாத போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற ஈறு நோய்க் கிருமிகள் இந்தப் பாலம் வழியாக இடம் பிடிக்கின்றன. கொடுக்கல் வாங்கலும் உண்டு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வெளியேற்றும் லாக்டிக் அமிலம்தான் வெய்லோனெல்லாவுக்குச் சாப்பாடு.

தேய்க்காமல் விட்டால்?

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்த்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. அதாவது, ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் திரும்பி வரலாம். விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும், அது திரும்ப வளர்வது கடினம்.

மிஸ்ரி, மவுத்வாஷ் உதவுமா?

மிஸ்ரி என்பது வறுத்துப் பொடித்த புகையிலை. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிராவில் பெரியவர்களில் 24.4% பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அது ஈறைக் கீழிறக்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாகும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். மவுத்வாஷ் மட்டும் போதாது. கெட்டியான படலத்தின் அடிவரை அது எளிதில் இறங்காது.

அப்போ என்ன செய்யணும்?

* தினம் 2 முறை, 2 நிமிடம் தேய்க்கணும். பல் இடுக்கில் ஃப்ளாஸ் போடணும்.
* ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறி, டாக்டரிடம் காட்டுங்கள்.
* படலம் காரையாக இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கு வராது, கிளீனிங்தான் வழி. “கிளீன் பண்ணா பல்லு ஆடும்” என்பது தவறு. காரை மறைத்திருந்த ஆட்டம் அப்போது தெரியவரும், அவ்வளவுதான்.
* வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

தனியார் கிளினிக் செலவு யோசிக்க வைத்தால், மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாஹிமிலிருந்து ஸ்லோ லோக்கலில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம்.