பாத்திரமேற்பு விளையாட்டுப் பெட்டித் தொகுப்பு

பாத்திரமேற்பு விளையாட்டுப் பெட்டித் தொகுப்பு என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் விதிநூல்கள், பகடைகள், வரைபடங்கள் முதலியவற்றை ஒரே பெட்டியில் இட்டு ஒரே விலைக்கு விற்கப்படும் தொகுப்பு ஆகும். இவ்விளையாட்டில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதைக்களத்தை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, அம்மாந்தர் செய்வது யாதெனக் கூறுவர். செயல் கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பலகையும் காய்களும் கட்டாயமல்ல என்பதால், வாங்குபவர் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அச்சிட்ட தாளுக்கே போகிறது. பெட்டி அதன் விலைக்குத் தகுமா என்ற கேள்வி எழுவது இதனாலேயே. இக்கட்டுரையில் இவ்வகையின் முதல் வணிக வெளியீடான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

கேரி கைகாக்சு, டேவ் ஆர்ன்சன் ஆகியோர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவாவில் வெளியிடப்பட்டது. முதல் அச்சில் 1000 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று சிறு நூல்கள் இருந்தன. விலை 10 டாலர். பகடைகள் பெட்டியில் இல்லை. அது போதாதென்று, தேவையான பொருட்களின் பட்டியலில் வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டும் இடம்பெற்றிருந்தது. பெட்டியை வாங்கியவுடன் ஆடிவிட முடியாத நிலை முதல் பெட்டியிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

1977 இல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த அடிப்படைத் தொகுப்பில் பகடைகள் சேர்க்கப்பட்டன. எனினும் சில ஆண்டுகளில் பகடைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அவற்றுக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைச் சில்லுகள் வைக்கப்பட்டன. பிராங்க் மென்ட்சர் எழுதி 1983 இல் வெளிவந்த சிவப்புப் பெட்டியில் இரு நூல்களும் பகடைகளும், பகடை எண்களில் நிறம் தீட்ட ஒரு மெழுகுக் கோலும் இருந்தன. கற்றுத்தர ஆளில்லாத ஒரு சிறுவனும் தனியே படித்து ஆடப் பழகும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. தனி நூலால் தர இயலாததைப் பெட்டி தந்ததற்கு இதுவே சிறந்த சான்று.

1990களில் டார்க் சன், பிளேன்ஸ்கேப் முதலான கற்பனை உலகங்கள் ஆடம்பரப் பெட்டிகளாக வெளிவந்தன. வாங்கியோருக்கு அவை மலிவே. ஆனால் டி.எஸ்.ஆர். நிறுவனம் சில பெட்டிகளை ஆக்கச் செலவுக்கும் ஈடாகாத விலைக்கு விற்றதாகப் பின்னர் கூறப்பட்டது. கடனில் மூழ்கிய அந்நிறுவனத்தை 1997 இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது.

விலையும் பயனும்

தொடக்கநிலைப் பெட்டிகளையும் உறைப்பெட்டித் தொகுப்புகளையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட இயலாது. 2014 இல் 19.99 டாலருக்கு வந்த தொடக்கத் தொகுப்பில் 32 பக்க விதிநூல், 64 பக்கக் கதை, ஆயத்தமான ஐந்து கதைமாந்தர்கள், ஆறு பகடைகள் ஆகியன இருந்தன. அப்போது 49.95 டாலராக இருந்த ஒரு முழு விதிநூலின் விலையில் பாதிகூட இல்லை. ஒரு குழுவுக்குப் பல வாரங்கள் ஆடப் போதுமானது. புதிதாகக் கதைமாந்தரை உருவாக்கும் விதிகள் மட்டும் அதில் இல்லை. 2019 இல் 24.99 டாலருக்கு வெளியான மற்றொரு பெட்டி அக்குறையை நீக்கியது.

உறைப்பெட்டித் தொகுப்புகளின் கணக்கு வேறு. 2018 இல் வெளிவந்த பரிசுத் தொகுப்பில் மூன்று மூல விதிநூல்களும் ஆட்ட நடத்துநரின் மறைப்பு அட்டையும் இருந்தன. குறித்த விலை 169.95 டாலர். அவற்றைத் தனித்தனியே வாங்கினால் 164.80 டாலர். அதாவது மொத்தமாக வாங்குபவருக்குத் தள்ளுபடி இல்லை. பளபளக்கும் மேலட்டைக்கும் உறைக்கும் ஐந்து டாலருக்குச் சற்று மேல் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

2022 இல் நிகழ்ந்தது இதனினும் மோசம். சனவரியில் வெளியான விரிவாக்கத் தொகுப்பின் மூன்று நூல்களில் இரண்டு முன்னரே விற்பனையில் இருந்தவை. புதிய மூன்றாம் நூல் தனியாக மே மாதத்திலேயே கிடைத்தது. முன்னிரண்டையும் வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், அன்றேல் அவற்றை மீண்டும் வாங்க வேண்டும். அதே ஆண்டு ஆகத்தில் 69.99 டாலருக்கு வந்த ஸ்பெல்ஜாமர் தொகுப்பில் தலா 64 பக்கங்கள் கொண்ட மூன்று நூல்கள் இருந்தன. பக்கத்துக்கு ஏறக்குறைய 36 சென்ட். 320 பக்கங்கள் கொண்ட 2014 ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில் இது 16 சென்ட் அளவே. மறைப்பு அட்டையும் வரைபடமும் உடன் வந்தன என்றாலும், விண்கப்பல் போருக்கான விதிகள் மிகக் குறைவு என்ற குறை பரவலாக எழுந்தது.

விதிகளை மட்டும் அறிய விரும்புவோர் எதையும் வாங்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகளை நிறுவனமே 2014 இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. 2023 சனவரியில் விதித்தொகுப்பின் பெரும்பகுதி படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழும் வந்தது.

பதிப்பு மாற்றம்

விதிகள் திருத்தப்படும்போது பெட்டியிலுள்ள அனைத்து நூல்களும் ஒருசேரப் பழையனவாகின்றன. திருத்திய மூல நூல்கள் 2024 செப்டெம்பர் முதல் 2025 பெப்ரவரி வரை ஒவ்வொன்றாக வெளிவந்தபோது 2018 ஆம் ஆண்டுப் பரிசுத் தொகுப்புக்கு இந்நிலையே ஏற்பட்டது. பழைய நூல்களைக் கொண்டு ஆடுவதற்குத் தடையில்லை; குழுவினர் அனைவரும் அதே பதிப்பில் நிலைத்திருந்தால் போதும். சேகரிப்போரின் கணக்கோ நேர்மாறானது: 1974 ஆம் ஆண்டின் முதல் அச்சுப் பெட்டிகள் ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. பழைய பெட்டியை வாங்குவோர் வரைபடங்கள், சில்லுகள், சிறு நூல்கள் யாவும் உள்ளனவா என எண்ணிப் பார்த்தே வாங்குவர்; ஒன்று குறைந்தாலும் விலை வெகுவாக இறங்கிவிடும்.