கறைபட்ட கையும் மெய்ச்சான்றும்

தம் நிறுவனத்தின் விலைச் சூழ்ச்சியை அரசுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே அதன் பணத்தையும் கையாடிய அமெரிக்க அதிகாரி மார்க் விட்டேக்கரின் வரலாறு, 2009இல் நகைச்சுவைத் திரைப்படமாயிற்று. அவ்வாண்டிலேயே கோலாலம்பூரில் தோன்றிய 1எம்டிபி அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழலை வெளிக்கொணர்ந்தவரும் முற்றும் தூயவராகக் கருதப்பட்டாரல்லர்.

1எம்டிபியின் கூட்டாளியான பெட்ரோசவுதியில் பணியாற்றி 2011இல் விலகியவர் சுவிட்சர்லாந்து நாட்டவர் சேவியர் ஜஸ்டோ. அந்நிறுவன மின்னஞ்சல்களின் படிகளைக் கையில் வைத்திருந்த அவர், தமக்குச் சேரவேண்டியதென்று முதலில் அதனிடமே பணம் கேட்டார். கிடைக்காமற்போகவே செய்தியாளரை நாடினார். 2015 பிப்ரவரியில் ‘சரவாக் ரிப்போர்ட்’ அச்செய்திகளை வெளியிட்டது. சூன் திங்களில் தாய்லாந்தில் கைதான ஜஸ்டோ, மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2016 டிசம்பரில் விடுதலையானார். வற்புறுத்தலாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பின்னர்க் கூறினார்.

கொணர்ந்தவர் குற்றவாளி, ஆகவே கொணர்ந்த சான்றும் பொய் என வாதிட்டோர் உண்டு. ஆயினும் 2024 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துக் கூட்டரசுக் குற்றவியல் நீதிமன்றம் பெட்ரோசவுதி நிருவாகிகள் இருவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

மலேசியாவில் 2010இல் இயற்றப்பெற்ற தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், தவற்றில் தாமும் பங்குகொண்டவரின் பாதுகாப்பை நீக்க வழிவகுத்தது. ஆனால், களவின் உள்வழி அறிந்தோர் பெரும்பாலும் களவின் அருகே நின்றவரே. அவர்தம் ஒழுக்கம் வேறு. அவர் தரும் சான்றின் மெய்ம்மை வேறு. இரண்டையும் பிரித்தறிதலே நீதியின் கடமையாகும்.