தூபா வேரின் வரலாறு: ஜொகூர் காய்கறித் தோட்டம் முதல் ஆய்வுக்கூடம் வரை

முன்னுரை

பயிர்களைத் தின்னும் பூச்சிகளைத் தாவரச் சாறுகளால் விலக்கும் முறை இன்று இயற்கை வேளாண்மை என்னும் பெயரில் மீண்டும் பேசப்படுகிறது. இயற்கையானது தீங்கற்றது என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வழங்கி வருகிறது. இவ்வெண்ணத்திற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா என்பதை, ஜொகூரில் விளைந்த தூபா வேரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தோட்டக்காரர் அறிந்த நஞ்சு

தூபா என்பது மலாய்த் தீபகற்பத்தில் வளரும், அவரைக் குடும்பத்தைச் சார்ந்த கொடியாகும். டெரிஸ் எலிப்டிக்கா, டெரிஸ் மலாக்சென்சிஸ் ஆகியன இதன் முதன்மையான இரு இனங்கள். இதன் வேரை நசுக்கி நீரில் பிசைந்தால் பால்போன்ற சாறு வெளிப்படும். மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும் அச்சாற்றை ஆற்று நீரில் கலந்து மீன் பிடித்தனர். நஞ்சிட்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. பாலுக்குக் கைம்மாறாகத் தூபாவை அளித்தல் என, நன்றி கொல்வதைச் சுட்டும் பழமொழி ஒன்று மலாய் மொழியில் உண்டு. தூபாவோடு வாழ்ந்த மக்கள் அதனை நஞ்சென்றே அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பழமொழியே போதிய சான்றாகும்.

மீனைக் கொன்ற சாறு புழுவையும் கொன்றது. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அதனைக் கீரைகளின் மீது தெளித்துப் பயிரைக் காத்தனர். சிங்கப்பூரில் மருத்துவராகவும் சாதிக்காய்த் தோட்ட உரிமையாளராகவும் விளங்கிய தாமஸ் ஆக்ஸ்லி, சாதிக்காய் மரங்களைத் தாக்கும் பூச்சிகளுக்குத் தூபாவைப் பயன்படுத்தலாம் என 1848இல் எழுதினார். தூபாவைப் பூச்சிக்கொல்லியாகக் குறிப்பிடும் பழைய அச்சுச் சான்றுகளுள் இது ஒன்று.

ஆய்வுக்கூடமும் சந்தையும்

வேதியியலார் கவனம் இதன்பின் இந்நஞ்சின் மீது திரும்பியது. 1902இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் தைவானில் டெரிஸ் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அச்செடியின் வட்டாரப் பெயரையொட்டி அதற்கு ரோட்டினோன் எனப் பெயரிட்டார். அதன் மூலக்கூற்று அமைப்பு 1932இல் தெளிவாயிற்று. 1930களில் தூபா வேர் மலாயாவின் ஏற்றுமதிப் பொருளாக வளர்ந்தது. ஜொகூர் உள்ளிட்ட மாநிலங்களில் அது தனிப்பயிராகவும் இளம் ரப்பர் மரங்களுக்கிடையே ஊடுபயிராகவும் நடப்பட்டது. செர்டாங்கில் வேளாண்மைத் துறையினர் சிறந்த வகைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வில் ஈடுபட்டனர்.

1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு இவ்வணிகத்தைத் துண்டித்தது. அமெரிக்கா தென்னமெரிக்க வேர்களை மேலும் நாடியது. போருக்குப்பின் மலிவான டி.டி.டி. உலகச் சந்தையைக் கைப்பற்றியது. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1962இல் ரேச்சல் கார்சனின் நூல் செயற்கை நஞ்சுகளின் கேட்டினை எடுத்துரைத்த பின்னரே தாவரச் சாறுகள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

கொல்லியும் விரட்டியும்

ரோட்டினோன் உயிரணுக்களின் மூச்சியக்கத்தைத் தடுத்துக் கொல்கிறது. வெயிலிலும் காற்றிலும் அது விரைவில் சிதைவது உண்மையே. எனினும், எலிகளுக்கு அதனைத் தொடர்ந்து செலுத்தியபோது பார்க்கின்சன் நோயை ஒத்த கேடு தோன்றியதை 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதனைக் கையாண்ட அமெரிக்கர்களிடையே அந்நோய் மிகுந்திருந்ததை 2011இல் மற்றோர் ஆய்வு கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் எடுத்த முடிவின்படி ரோட்டினோனைப் பயிர்க்காப்புப் பயன்பாட்டிலிருந்து படிப்படியாக விலக்கியது.

நம் முன்னோர் போற்றிய வேம்பு செயற்படும் முறை வேறு. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் பல பூச்சிகளைத் தின்னவிடாமல் தடுக்கிறது. அவற்றின் தோலுரிப்பையும் குலைக்கிறது. ஆதலின் தூபாவைக் கொல்லி என்றும் வேம்பினைப் பெரும்பாலும் விரட்டி என்றும் வேறுபடுத்துவது பொருந்தும். ஆயினும் விரட்டியும் எல்லாருக்கும் தீங்கற்றதன்று. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் கடும் நஞ்சேற்றத்திற்கு உள்ளானதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் பதிவு செய்துள்ளனர். பெற்றோர் அதனை மருந்தென்று நம்பியே கொடுத்தனர்.

முடிவுரை

தூபாவின் வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஆய்வுக்கூடம் பெயரிட்டதற்கு நெடுங்காலம் முன்னரே தோட்டக்காரர் அந்நஞ்சை அறிந்திருந்தனர். அவ்வறிவுக்குரிய இடத்தை வரலாறு எழுதுவோர் வழங்குதல் வேண்டும். அவர்கள் அதன் பயனோடு அதன் கேட்டினையும் அறிந்திருந்தனர். நாமோ மரபைப் போற்றும்போது பயனை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடுகிறோம். பூச்சிக்கொல்லி, பூச்சிவிரட்டி என்னும் சொற்களைத் தமிழ் தெளிவாகப் பிரித்தே வைத்துள்ளது. வகுப்பறையில் அவற்றை ஒன்றாக்கி, இயற்கை மருந்து என்னும் ஒரே பெயரால் கற்பிப்பதைத் தவிர்த்தல் நம் கடமையாகும். அச்சொல்லை நம்பிச் சாற்றைக் கரைக்கப் போவது மாணவரின் கைகளே.