மரப்பட்டையில் தீட்டிய பட்டயம்

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1992 ஜூன் 3ஆம் தேதியிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். டோரஸ் நீரிணைத் தீவுக்காரரான எடி மாபோ தொடுத்த வழக்கில், வெள்ளையர் வந்திறங்கியபோது அந்த மண்ணில் சட்டம் மதிக்கத்தக்க உரிமை எவருக்கும் இருக்கவில்லை என்ற இருநூறாண்டுக் கற்பனையை அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட் தூக்கியெறிந்த நாள் அது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அந்த நாளின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கும்போது, நீதிபதிகள் மனம் மாறியதால் கிடைத்த உரிமை என்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. வடகிழக்கு ஆர்னெம் லேண்டின் கடலோரத்தில் யிர்க்காலா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழும் யோல்ஙு மக்களின் அறுபதாண்டுச் சட்டப் போராட்டத்தைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர்களிடம் சட்டம் இருந்தது, அந்தச் சட்டப்படியான உரிமைப் பத்திரங்களும் இருந்தன. தீர்ப்பு எழுதுபவர்களுக்கு அந்தப் பத்திரங்களைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் யோல்ஙு பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை.

பத்திரம் என்று நான் சொல்வது ஓவியத்தை. மழைக்காலத்தில் யூக்கலிப்டஸ் மரத்திலிருந்து பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் ஏற்றித் தட்டையாக்குவார்கள். செங்காவி, மஞ்சட்காவி, வெண்களிமண், கரி ஆகியவற்றைக் குழைத்து, சில மயிரிழைகளால் ஆன மெல்லிய தூரிகையால் ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகளை இழுப்பார்கள். பார்ப்பவருக்கு அது அலங்காரமாகத் தோன்றலாம். யோல்ஙு உலகம் முழுவதும் துவா, யிரிட்ஜா என்ற இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது; ஒவ்வொரு பகுதியிலும் பல குலங்கள்; ஒவ்வொரு குலத்துக்கும் அதன் நிலத்தையும் நீரையும் மூதாதையர் உருவாக்கிய வரலாற்றையும் குறிக்கும் வடிவங்கள். குமாட்ஜ் குலத்தின் வைரக்கட்டத்தை வேறு குலத்தான் தன் விருப்பப்படி வரைந்துவிட முடியாது. தந்தைவழியில் வடிவத்துக்கு உரியவர்கள் ஒரு பக்கம். அந்தக் குலத்தைத் தாய்க்குலமாகக் கொண்டவர்கள் கண்காணிப்பாளர்களாக மறுபக்கம். இரு தரப்பும் சம்மதித்தால்தான் புனித வடிவம் வெளியே வரும். நம் ஊர்க் கோயில் நிலத்துக்குக் கல்வெட்டும் செப்புப் பட்டயமும் எப்படியோ, அந்த மண்ணுக்கு இந்த ஓவியம் அப்படி. எல்லையும் உரிமையாளரும் உரிமை வந்த வழியும் அதில் பதிந்திருக்கின்றன.

1963 மார்ச்சில் பிரதமர் மென்சீஸின் அரசு, பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்திலிருந்து 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வெட்டியெடுத்து பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யிர்க்காலா பெரியவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். தட்டச்சு செய்த தாள். ஒரு பக்கம் அவர்கள் மொழி, ஒரு பக்கம் ஆங்கிலம். அந்தத் தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல வடிவங்களைத் தீட்டினார்கள். துவா பகுதிக்கு ஒரு பட்டை, யிரிட்ஜா பகுதிக்கு ஒரு பட்டை. நினைவுக்கு எட்டாத காலம் முதல் இந்த நிலம் எங்களுக்கு உணவளித்திருக்கிறது, இங்கே எங்கள் புனித இடங்கள் உள்ளன, டார்வின் நகரத்தில் நிலமிழந்த லாரக்கியா மக்களுக்கு நேர்ந்த கதி எங்களுக்கும் நேருமோ என்று அஞ்சுகிறோம், மொழிபெயர்ப்பாளரோடு ஒரு குழுவை அனுப்பி எங்கள் பேச்சைக் கேளுங்கள் என்பது மனுவின் சாரம். எழுத்துக்கு எவ்வளவு எடையோ ஓரத்து ஓவியத்துக்கும் அவ்வளவு எடை உண்டு. எழுத்து கேட்கிறது, கேட்பவர்கள் எந்த உரிமையில் கேட்கிறார்கள் என்பதை ஓவியம் காட்டுகிறது.

இதை யோல்ஙு தலைமை என்று சொல்வது மிகை, பின்னால் இருந்தவர்கள் வெள்ளையர்கள்தாம் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மனுவைத் தட்டச்சு செய்தவர் மெதடிஸ்ட் மிஷன் கண்காணிப்பாளரின் மனைவி ஆன் வெல்ஸ். அவையில் அதைச் சமர்ப்பித்தவர்கள் தொழிற்கட்சி உறுப்பினர்கள். பின்னால் நடந்த வழக்குகளில் வாதாடியவர்களும் யோல்ஙு அல்லர். ஆனால் மனு போன பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். முதல் மனுவில் கையெழுத்திட்டவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் இளையவர்கள், இவர்களுக்கு மக்கள் சார்பில் பேச என்ன தகுதி என்று பிரதேசங்களுக்கான அமைச்சர் ஹாஸ்லக் தரப்பு கேள்வி எழுப்பியது. முதல் மனு வந்து இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 28ஆம் தேதி, பெரியவர்களின் கைரேகைகளோடு இன்னொரு மனு அவைக்கு வந்து சேர்ந்தது. யாருக்குப் பேசும் அதிகாரம் உண்டு என்ற கேள்விக்கு அவர்களிடம் ஆயத்தமாகப் பதில் இருந்தது. ஏனென்றால் அவர்களுடைய சட்டத்திலும் அதுதான் முதல் கேள்வி. தட்டச்சுப் பொறி யாருடையது என்பதை வைத்து வாக்குமூலம் யாருடையது என்று முடிவுகட்ட முடியாது. வழக்கறிஞர் எழுதிக் கொடுத்ததால் எந்தக் கட்சிக்காரரும் தன் வழக்கை இழந்துவிடுவதில்லை.

நாடாளுமன்றக் குழு யிர்க்காலாவுக்கு வந்து விசாரித்தது. இழப்பீடு தர வேண்டும், புனித இடங்களைக் காக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுரங்கம் நிற்கவில்லை. 1968இல் நபால்கோ நிறுவனத்துக்கு 42 ஆண்டுக் குத்தகைக்கு வழிசெய்யும் சட்டம் வந்தபோது, ரிராட்சிங்கு குலத்து மில்லிர்பம், குமாட்ஜ் குலத்து முங்குராவுய், ஜாப்பு குலத்து டைம்பலிப்பு ஆகியோர் வாதிகளாக வழக்குத் தொடுத்தார்கள். முங்குராவுயின் மகன் கலர்வுய் யுனுப்பிங்கு, அப்போது இளைஞர், நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தார். முன்னோர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாகச் சொல்லக் கூடாது, அது செவிவழிச் செய்தி என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி பிளாக்பர்ன் அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. எழுத்தில்லாத சட்டத்தை வேறெப்படி நிரூபிப்பது? அந்த முடிவு ஒன்றே பெரிய திறப்பு. ஆண்கள் மட்டும் பார்க்கத் தகுந்த ரங்கா எனும் புனிதப் பொருட்களைப் பெரியவர்கள் மானிடவியலாளர் ஸ்டானருக்குக் காட்டினார்கள். நிலம் யாருடையது என்பதை அவர் ஐயமற உணர்ந்து நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் இறங்கிவந்தார்கள்.

1971 ஏப்ரலில் வந்த தீர்ப்பு வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. யோல்ஙு மக்களிடம் இருப்பது நுட்பமும் விரிவும் கொண்ட சட்ட ஒழுங்கு என்றும், தனிமனிதர்களின் விருப்பத்துக்கு ஆடாமல் சட்டத்தால் நடக்கும் ஆட்சி என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைச் சொல்லலாம் என்றும் பிளாக்பர்ன் எழுதினார். அடுத்து, அவர்களுக்கு நிலத்தில் சொத்துரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். ஆங்கிலச் சட்டத்தில் சொத்து என்றால் அனுபவிக்கலாம், பிறரை விலக்கலாம், விற்கலாம். இங்கே நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிடக் குலம் நிலத்துக்குச் சொந்தம் என்பதே சாட்சியத்திலிருந்து தெரிகிறது என்பது அவர் காரணம். வெள்ளையர் குடியேறிய 1788இல் இதே குலங்களுக்கு இதே இடங்களோடு இதே தொடர்பு இருந்தது என்பதும் நிரூபணமாகவில்லை என்றார். சாட்சிகள் பொய் சொல்லவில்லை. நீதிபதியும் சாட்சியத்தைத் திரிக்கவில்லை. விற்க முடியாததால்தான் அந்த நிலம் அவர்களுக்கு உயிர். விற்க முடியாததே உரிமையில்லை என்பதற்குக் காரணமாயிற்று. இதைவிடக் கொடுமையான நேர்மையைச் சட்ட நூல்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் சிலர் கேட்கிறார்கள்: மனு தோற்றது, வழக்கு தோற்றது, சுரங்கம் ஓடியது, இதில் சாதனை எங்கே? மண்ணைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானது. தோண்டிய குன்று திரும்பி வராது. ஆனால் தோல்வியின் பின்விளைவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்தத் தீர்ப்பு, சட்டம் போதாது என்பதை வெட்டவெளிச்சமாக்கியது. பிரதமர் விட்லமின் அரசு நில உரிமை ஆணையம் அமைத்தபோது அதற்குத் தலைமையேற்றவர், யோல்ஙு மக்களுக்காக வாதாடித் தோற்ற வழக்கறிஞர் உட்வர்ட். ஆணையத்தின் அறிக்கையிலிருந்து 1976ஆம் ஆண்டின் வடக்குப் பிரதேச நில உரிமைச் சட்டம் பிறந்தது. மொழிபெயர்ப்பாளராக நின்ற கலர்வுய், அடுத்த ஆண்டே வடக்கு நில மன்றத்தின் தலைவரானார். யோல்ஙு நிலத்தின் பெரும்பகுதி மக்களின் அறக்கட்டளைக்கு மாற்ற முடியாத உரிமையாகத் திரும்பியது. சுரங்கக் குத்தகைகள் மட்டும் அப்படியே இருந்தன.

நிலம் ஒரு வழக்கு, கலை இன்னொரு வழக்கு என்று பிரித்துப் பேசுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பழக்கம். யிர்க்காலாவில் அந்தப் பிரிவே கிடையாது. யோல்ஙு ஓவியர் வான்ஜுக் மரிக்கா தன் குலத்தின் புனித வடிவம் தேநீர்க் கோப்பை துடைக்கும் துணியில் அச்சாகி விற்பதை 1970களில் கண்டார். அந்த அதிர்ச்சியில் சில காலம் தூரிகையையே தொடவில்லை. பிறகு ஓவியர்களின் உரிமைக்காக அரசிடம் விடாமல் வாதாடினார். 1988இல் வெளியான பத்து டாலர் நினைவு நோட்டில் தான் செய்த விடிவெள்ளிக் கம்பம் என்ற சடங்குக் கம்பம் அச்சானதை எதிர்த்துக் கலைஞர் டெரி யும்புலுல் வழக்காடித் தோற்றார். ஆனாலும் ஒரு சமூகத்தின் கூட்டு உரிமையை அங்கீகரிக்க நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் போதாது என்று நீதிபதியே எழுத வேண்டியதாயிற்று. 1994இல், வான்ஜுக்கின் தங்கை பாண்டுக் மரிக்கா உள்ளிட்ட ஓவியர்கள், தங்கள் படைப்புகளைத் தரைவிரிப்பாக நெய்து இறக்குமதி செய்தவர்கள் மீது வென்றார்கள். குலத்தின் புனிதத்தைக் காலடியில் போட்டதால் ஓவியருக்குத் தன் மக்களிடையே நேரும் அவமானத்தையும் கணக்கில் சேர்த்து, 1,88,000 டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது நீதிமன்றம். ஓவியம் தனியொருவரின் சரக்கு என்ற எண்ணம் அங்கே முதல்முறையாக ஆட்டம் கண்டது.

1996இல் புளூ மட் விரிகுடாவில், கர்ரங்காலி என்ற இடத்தில் அனுமதியின்றி மீன்பிடித்தவர்கள் விட்டுச்சென்ற முகாம் ஒன்று கண்ணில் பட்டது. அங்கே ஒரு சாக்கு. அதற்குள் வெட்டப்பட்ட முதலைத் தலை. அந்த இடம் பாரு என்ற மூதாதை முதலையின் உறைவிடம். மதர்ப்பா குலத்தாருக்கு அது முன்னோரின் தலை. குலத் தலைவர் ஜம்பாவா மராவிலி அடிதடிக்குப் போகவில்லை. 47 ஓவியர்கள் 80 மரப்பட்டைகளில் கடலைத் தீட்டினார்கள்: எந்த நீரோட்டம் எந்தக் குலத்துடையது, எங்கே நன்னீரும் உப்புநீரும் கலக்கின்றன, மூதாதையின் நெருப்பு எந்த இடத்தில் கடலுக்குள் இறங்கியது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. அதைத் தொடர்ந்து வந்த வழக்கில் முன்னணி வாதியான கவிரின் குமனா, 1963இல் யிர்க்காலா தேவாலயத்தின் குல ஓவியப் பலகைகளைத் தீட்டியவர்களில் ஒருவர். நீதிமன்றம் யில்பாரா குடியிருப்புக்கே வந்து அமர்ந்தது. விசாரணை யோல்ஙு சடங்கோடு தொடங்கியது. நீதிபதியைத் தங்கள் சட்டத்தின் எல்லைக்குள் வரவேற்கும் செயல் அது. 2008 ஜூலை 30ஆம் தேதி ஹை கோர்ட் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: பூர்வகுடி நிலத்தின் மேல் வந்து வடியும் கடல்நீருக்குள், மீன்பிடி உரிமம் இருந்தாலும், நில உரிமையாளர் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. வடக்குப் பிரதேசக் கடற்கரையின் 80 விழுக்காடு அளவுக்கு அது பொருந்தியது. அந்த வெற்றி மாபோ வழியில் வந்த பூர்வீக உரிமைச் சட்டத்தால் வந்ததில்லை; அந்த வழியில் கடலின் மீது தனியுரிமை கிடைக்கவில்லை. 1971இன் தோல்வி ஈன்றெடுத்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் ஒன்று உண்டு. மறைவாக வைக்க வேண்டியதை நீதிமன்றத்தில் விரித்துக் காட்டினால் அது காப்பாற்றப்படுகிறதா, கரைந்துபோகிறதா? குறுக்கு விசாரணைக்கு ஏற்றபடி மரபைச் சொல்லச் சொல்ல, மரபே நீதிமன்ற வடிவத்துக்கு உறைந்துவிடாதா? இந்த ஆபத்து உண்மையானது, அதன் விலையைப் பெரியவர்கள் அறியாமலும் இல்லை. ஆனால் யோல்ஙு ஓவியத்தில் எல்லோரும் காணும் பொருள், தீட்சை பெற்றவர் காணும் பொருள் என்று அடுக்குகள் உண்டு. எந்த அடுக்கை யாருக்குத் திறப்பது என்று முடிவு செய்வதும் அவர்களுடைய சட்டத்தின் பகுதியே. எதைக் காட்டுவது என்பதை ஒவ்வொரு முறையும் அவர்களே தீர்மானித்தார்கள். வாய் திறக்காமல் இருந்திருந்தால் மறைபொருள் மறைபொருளாகவே இருந்திருக்கும், அது குறிக்கும் குன்றுதான் இருந்திருக்காது.

2019இல் கலர்வுய், தந்தை தோற்ற அதே நிலத்துக்காக மீண்டும் வழக்குத் தொடுத்தார். சுரங்கத்துக்காக மத்திய அரசு பறித்தது சொத்து. சொத்தைப் பறித்தால் அரசியல் சட்டப்படி நியாயமான ஈடு தர வேண்டும் என்பது வாதம். கோரிய தொகை 70 கோடி டாலர் வரை. 2023 ஏப்ரலில் அவர் காலமானார். அடுத்த மாதம் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பூர்வீக உரிமை எப்போது வேண்டுமானாலும் அழிக்கத்தக்கது, எனவே ஈடு தேவையில்லை என்று அரசு மேல்முறையீடு செய்தது. 2025 மார்ச் 12ஆம் தேதி ஹை கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. இனி எவ்வளவு என்ற கேள்விக்கு விசாரணை நடக்க வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு: டிம்பர் கிரீக் என்ற ஊரின் நிலம் பற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டு, நிலத்தோடுள்ள ஆன்மிக உறவுக்கு நேர்ந்த இழப்புக்கு மட்டும் 13 லட்சம் டாலர் என்பதை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே பேசப்பட்ட நிலம் ஒரு சிற்றூர் அளவுதான். யோல்ஙு நிலத்தில் சுரங்கம் அமைந்த கோவ் தீபகற்பத்திலோ பல பத்தாண்டுகளாகப் பாக்சைட் தோண்டியிருக்கிறார்கள். அந்தக் குன்றுகளில் எவை எந்தக் குலத்தின் எந்த மூதாதையுடையவை என்பதை யோல்ஙு சாட்சிகள் மறுபடியும் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.