டிரோன் விடுறீங்களா? 400 அடியைத் தாண்டினா சிக்கல்!

வெள்ளகோவில்:
கல்யாணம், கும்பாபிஷேகம், மாசி மாதம் வீரக்குமாரசாமி கோவில் தேர் என்று வெள்ளகோவிலில் எந்த விசேஷம் என்றாலும் இப்போது தலைக்கு மேலே டிரோன் கேமராதான்.

மத்திய அரசின் 2021 டிரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில் தரையில் இருந்து 400 அடி வரை அனுமதி இல்லாமல் பறக்க விடலாம். நம்ம ஊரைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குள் விமான நிலையம் கிடையாது. ஆனால் அதே டிரோனைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு கல்யாண ஆர்டருக்குப் போனால் கதையே வேற. பீளமேடு விமான நிலைய எல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான். அதற்கும் உள்ளே அனுமதி இல்லாமல் விடவே கூடாது. சூலூரில் விமானப்படை தளம் வேறு இருக்கு. கிளம்பும் முன் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்த்துடுங்க.

ஆள் போகும் விமானம், ஹெலிகாப்டருக்குத்தான் எப்பவும் முதல் வழி. ஹெலிகாப்டர் 400 அடிக்குக் கீழேயும் வரும். சத்தம் கேட்டதுமே படம் பிடிப்பதை விட்டுவிட்டு டிரோனை இறக்கணும்.

பொம்மை மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சில் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு டிரோன் மோதி ஓட்டை போட்டது. ஊர் எரியும்போது அந்த விமானம் ரிப்பேருக்காக தரையில் நின்றது.

விதியை மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை காசு வாங்கிக்கொண்டு ஓட்டுபவருக்கு பைலட் சான்றிதழும் வேண்டும்.